ஆனைமலையைச் சைக்கிளில் சுற்றுவது: எந்தத் திசை, எந்தச் சாவடி, எத்தனை மணிக்கு

2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் இ-பாஸ், அதாவது மலைக்கு வரும் வண்டிகளுக்கான இணைய அனுமதிச் சீட்டு, வந்துவிட்டது. அதிலிருந்து ஆனைமலைப் பக்கம் சைக்கிள் பயணம் திட்டமிடுபவர்களிடம் சில கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. சைக்கிளுக்கும் பாஸ் எடுக்க வேண்டுமா? வாழச்சால் காட்டுக்குள் சைக்கிளை விடுவார்களா? வால்பாறையிலிருந்து மூணாறு பக்கம்தானே, நேராகப் போக வழி இல்லையா? கால் வலிமையைப் பற்றித்தான் பலரும் முதலில் கவலைப்படுகிறார்கள். இந்தச் சுற்றில் பயணத்தைத் தீர்மானிப்பது வனச் சோதனைச் சாவடி திறந்து மூடும் நேரம். அந்த நேரத்துக்குள் எந்தப் பகுதியை எவ்வளவு வேகத்தில் கடக்க முடியும் என்று பார்த்தால், எந்தத் திசையில் சுற்றுவது என்பதும் அதிலேயே முடிவாகிவிடும்.

மலையின் நடுவே ஏன் சாலை இல்லை

வால்பாறைக்கும் மூணாறுக்கும் நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சாலையில் போனால் பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாகச் சுமார் 180 கிலோமீட்டர். நடுவில் இருப்பவை கிராஸ் ஹில்ஸ் எனப்படும் புல்வெளிக் குன்றுகளும், கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவும், 2,695 மீட்டர் உயர ஆனைமுடியும். சோலைக்காடும் புல்வெளியும் கலந்த இந்த உச்சிப் பகுதி வரையாட்டின் வாழிடம். பொதுச் சாலை எதுவும் இதன் குறுக்கே போகவில்லை.

தமிழ்நாட்டுப் பக்கம் ஆனைமலை புலிகள் காப்பகம், வெளிவட்டத்தையும் சேர்த்து ஏறக்குறைய 1,480 சதுர கிலோமீட்டர். 2007இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டியே பரம்பிக்குளம், வாழச்சால், மலையாற்றூர், மாங்குளம், இரவிகுளம், சின்னாறு என்று கேரளக் காடுகள் தொடர்கின்றன. யானைக்கு இது ஒரே காடு. மாநில எல்லை சைக்கிளில் வருபவருக்கு மட்டும்தான், ஏனென்றால் எல்லையைத் தாண்டினால் சாவடியும் விதியும் மாறும்.

கைப்பேசி வரைபடம் இங்கே மூன்று இடங்களில் ஏமாற்றும்:

1. வால்பாறைக்குத் தெற்கே எஸ்டேட் பாதைகள் கோடு கோடாகத் தெரியும். அவை தேயிலைத் தோட்டத்தோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் அனுமதியின்றி நுழைவது குற்றம்.
2. பூயங்குட்டி, மாங்குளம் வழியாக மூணாறுக்கு ஏறும் பழைய ஆலுவா சாலை. 1924 பெருவெள்ளத்தில் அழிந்த பாதை அது. வரைபடத்தில் துண்டு துண்டாக இன்னும் தெரிந்தாலும் காட்டுப் பகுதி மூடப்பட்டிருக்கிறது.
3. சேத்துமடை வழியாக டாப்சிலிப், பரம்பிக்குளம். இது உள்ளே போய் அதே வழியில் திரும்பும் சாலை, கேரளச் சமவெளிக்கு இறங்காது. சுற்றுப் பயணத்தில் இதற்கு இடமில்லை. பார்க்க விரும்பினால் பொள்ளாச்சியில் சைக்கிளை வைத்துவிட்டுப் பேருந்தில் போய் வரலாம்.

சட்டம் என்ன சொல்கிறது

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்று வரையறுக்கிறது. பணியில் உள்ள அரசு ஊழியர், அனுமதி பெற்றவர், உள்ளே நில உரிமை உள்ளவர் ஆகியோரோடு, பொது நெடுஞ்சாலை வழியாகக் கடந்து செல்பவரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். சைக்கிளில் போகிறவர் உள்ளே போக முடிவது இந்த வரியால்தான்.

அதில் உள்ள சொல் ‘கடந்து செல்வது’. தார்ச்சாலையை விட்டு இறங்கி ஓடைக்குப் போவது, மரத்தடியில் அடுப்பு மூட்டுவது, கூடாரம் போடுவது எதுவும் கடந்து செல்வதில் அடங்காது. விலங்கைச் சீண்டுவதும் குப்பை போடுவதும் அதே பிரிவில் தனியாகத் தடை செய்யப்பட்டவை. சாவடியில் நேரம் எழுதிச் சீட்டுக் கொடுப்பதும் இதை வைத்துத்தான். எத்தனை மணிக்கு உள்ளே போனாய், எத்தனை மணிக்கு வெளியே வந்தாய் என்று மறுமுனையில் பார்ப்பார்கள். காருக்குப் போதுமான இடைவெளி சைக்கிளுக்குப் போதாது. ஆகவே சீட்டு வாங்கும்போதே ‘சைக்கிள்’ என்று எழுதச் சொல்லி, எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இ-பாஸ் யாருக்கு

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இருக்கும் ஏற்பாடுதான் வால்பாறைக்கும் வந்திருக்கிறது. நோக்கம் மலைக்கு வரும் மோட்டார் வண்டிகளைக் கணக்கெடுப்பது. விண்ணப்பம் வண்டியின் பதிவு எண்ணை மையமாக வைத்தது, சைக்கிளுக்கோ பதிவு எண்ணே கிடையாது. குழுவாகப் போகிறவர்கள் பைகளை ஏற்றத் துணை வண்டி வைத்திருந்தால், அந்த வண்டிக்குப் பாஸ் கட்டாயம். பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறு சாவடியிலும், கேரளத்திலிருந்து வந்தால் சோலையாறு அணைப் பக்கச் சாவடியிலும் பார்ப்பார்கள். தனியாகச் சைக்கிளில் வருபவர் ஆதார் போன்ற அடையாள அட்டையும், அன்றிரவு தங்கும் இடத்தின் முன்பதிவும் கையில் வைத்திருந்தால் சாவடியில் பேச்சு சுருக்கமாக முடியும்.

இ-பாஸ் காட்டுக்குள் நுழையும் உரிமை ஆகாது. மளுக்கப்பாறை, வாழச்சால் சாவடிகள் கேரள வனத்துறையுடையவை, அவற்றின் நேரமும் தடையும் வேறு.

ஏன் இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும்

முழுச் சுற்று இது: பொள்ளாச்சி – ஆழியாறு – வால்பாறை – மளுக்கப்பாறை – வாழச்சால் – அதிரப்பள்ளி – மலையாற்றூர் – கோதமங்கலம் – அடிமாலி – மூணாறு – மறையூர் – சின்னாறு – உடுமலை – பொள்ளாச்சி. மொத்தம் 400 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். எந்தத் திசையில் சுற்றினாலும் ஏற்றத்தின் கூட்டுத்தொகை ஒன்றுதான். அந்த ஏற்றம் எங்கே வந்து விழுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

சுற்றில் நேரக் கட்டுப்பாடு கடுமையாக உள்ள காட்டுப் பகுதிகள் இரண்டு. ஒன்று மளுக்கப்பாறைக்கும் வாழச்சாலுக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர். இன்னொன்று மறையூரிலிருந்து சின்னாறு வழியாக அமராவதி வனச்சரகத்தின் ஒன்பதாறு செக்போஸ்ட் வரை. பொள்ளாச்சி, வால்பாறை, அதிரப்பள்ளி என்று இடஞ்சுழியாகப் போனால் இரண்டும் பெரும்பாலும் இறக்கம். திருப்பிப் போனால் இரண்டும் ஏற்றம். சுமையோடு ஏற்றத்தில் மணிக்கு 8 முதல் 10 கிலோமீட்டர்தான் போக முடியும். வாழச்சாலில் காலை 7 மணிக்கு நுழைந்தவர் மளுக்கப்பாறையைப் பார்க்கப் பிற்பகல் ஆகிவிடும். அதுவரை கடை கிடையாது, சிக்னல் பெரும்பாலும் கிடையாது. அதே தூரத்தை இறக்கத்தில் மூன்றரை மணி நேரத்தில் நிதானமாக முடிக்கலாம்.

இடஞ்சுழியில் ஏற்றங்கள் இரண்டும் ஆள் நடமாட்டம் உள்ள சாலைகளில் வருகின்றன. ஆழியாறு–வால்பாறைச் சாலையும் காப்பகத்துக்குள்தான் போகிறது என்றாலும் பேருந்தும் காரும் ஓயாமல் ஓடும். நேரியமங்கலம்–மூணாறு தேசிய நெடுஞ்சாலை 85.

இதில் ஒரு குறையும் உண்டு. இறக்கத்தில் சைக்கிள் சத்தமில்லாமல் வேகமாக வரும், யானைக்கு நாம் வருவது தெரியாது. வளைவுக்கு அப்பால் நிற்பதை நாம் பார்க்கும்போது இடைவெளி இருபது மீட்டராகக் குறைந்திருக்கும். காட்டுப் பகுதியில் வேகம் 20 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

நாள்வாரியாக

*பொள்ளாச்சி – வால்பாறை, 64 கி.மீ.* ஆழியாறு வரை 24 கிலோமீட்டர் சமவெளி. அங்கிருந்து 40 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்கு எண் போட்டிருப்பதால் எவ்வளவு மிச்சம் என்பது தெரிந்துகொண்டே ஏறலாம். குரங்கு அருவி தாண்டும்வரை சைக்கிள் பையில் பழமோ பிஸ்கெட்டோ வெளியே தெரிய வைக்காதீர்கள், குரங்கு பையோடு கிழித்துக்கொண்டு போகும். ஒன்பதாவது வளைவில் உள்ள லோம்ஸ் காட்சிமுனையில் வரையாடு சாலையோரத்திலேயே நிற்கும். சுற்றுலா வண்டிகளும் குறுக்கும் நெடுக்குமாக நிற்கும். அட்டகட்டியில் சாப்பாடு கிடைக்கும். பொள்ளாச்சியிலிருந்து காலை 6 மணிக்குள் கிளம்பினால் பிற்பகல் 2 மணிக்குள் வால்பாறை. சிறுத்தை நடமாட்டம் தேயிலைத் தோட்டங்களில் உண்மையான அபாயம். மாலை 5 மணிக்கு மேல் வால்பாறை ஊரை விட்டு எஸ்டேட் பாதைகளில் சைக்கிள் ஓட்ட வேண்டாம்.

*வால்பாறை – அதிரப்பள்ளி, சுமார் 80 கி.மீ.* மிகவும் கவனமாகத் திட்டமிட வேண்டிய நாள். சோலையாறு அணை வழியாக மளுக்கப்பாறை 26 கிலோமீட்டர். சாவடி காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடும். நுழைவு அதற்கு வெகுநேரம் முன்பே நின்றுவிடும், இருசக்கர வண்டிகளுக்கு இன்னும் சீக்கிரம். காலை 9 மணிக்கு அங்கே இருப்பது நல்லது. அதிகாலையில் சாலையில் நின்ற யானைகள் அதற்குள் உள்ளே ஒதுங்கியிருக்கும், முதல் பேருந்துகளும் போய் வந்திருக்கும். பிளாஸ்டிக் பாட்டில்களை எண்ணி எழுதுவார்கள், மறுமுனையில் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பாதை ஒரே இறக்கம் என்று நினைக்க வேண்டாம், நடுநடுவே குட்டி ஏற்றங்கள் வரும். தார் பெயர்ந்த திருப்பங்களில் மூங்கில் இலை மூடி வழுக்கும்.

யானை நடமாட்டம் மிகுந்த நாட்களில் சாவடியில் இருசக்கர வண்டிகளையும் சைக்கிளையும் நிறுத்திவிடுவார்கள். வாதாடுவதில் பயனில்லை. முந்தைய நாளே வால்பாறையில் ஒரு பிக்கப் வண்டி ஓட்டுநரிடம் பேசி வைத்தால், தடை என்றதும் சைக்கிளை ஏற்றி வாழச்சாலில் இறங்கிக்கொள்ளலாம். இந்த மாற்று ஏற்பாடு இல்லாதவர்கள் வால்பாறையிலேயே திரும்ப வேண்டியிருக்கும்.

*அதிரப்பள்ளி – கோதமங்கலம், 70 கி.மீ. அளவில்.* சாலக்குடி, அங்கமாலி வழியே போனால் தேசிய நெடுஞ்சாலையின் லாரிப் புகை. வெற்றிலப்பாறைப் பாலத்தில் ஆற்றைக் கடந்து, எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் வழியாக அய்யம்புழா, மலையாற்றூர் போய், பெரியாற்றைத் தாண்டி எர்ணாகுளம் மாவட்டத்துக் கோடநாடு, குறுப்பம்படி வழியாகக் கோதமங்கலம் சேர்வது நல்ல வழி. எண்ணெய்ப்பனைத் தோட்டத்தைத் தோட்டம்தானே என்று எண்ணி அசட்டையாக இருக்கக் கூடாது, பனங்காய்க்கும் குருத்துக்கும் யானைகள் பகலிலேயே வரும்.

*கோதமங்கலம் – மூணாறு, 77 கி.மீ.* ஏறக்குறைய கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர். ஒரே நாளில் முடிப்பவர்கள் உண்டு. சுமையோடு போகிறவர்கள் அடிமாலியில் இரவு தங்கிவிடுவது உடம்புக்கும் நல்லது, மறுநாள் பயணத்துக்கும் நல்லது. 1935இல் திறந்த நேரியமங்கலம் வளைவுப் பாலத்தைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். மழைக்காலத்தில் இந்தச் சாலையில் மண்சரிவு வழக்கம்.

*மூணாறு – உடுமலை, 87 கி.மீ.* மூணாறிலிருந்து முதலில் ஏற்றம், இரவிகுளம் பூங்காவின் ராஜமலை நுழைவாயில் அருகே சுற்றுலா நெரிசல், பிறகு தலையாறு வழியாக மறையூர் வரை நீண்ட இறக்கம். காலை 6.30க்குக் கிளம்பினால் நெரிசலுக்கு முன் ராஜமலையைக் கடக்கலாம். மறையூரில் சாப்பிட்டு, தண்ணீர் நிரப்பி, நண்பகலில் சின்னாறு சரணாலயத்துக்குள் நுழையுங்கள். மழைமறைவுப் பகுதி, முட்காடு, நல்ல வெயில். வெயில் கடுமையாக இருந்தாலும் யானைகள் சாலைக்கு வரக் குறைவான வாய்ப்புள்ள நேரம் அதுதான். மாலையில் அமராவதி அணைத் தண்ணீருக்காகக் கூட்டம் கூட்டமாகச் சாலையைக் கடக்கும். ஒன்பதாறு செக்போஸ்ட்டைப் பிற்பகல் 3 மணிக்குள் தாண்டிவிட வேண்டும்.

*உடுமலை – பொள்ளாச்சி, 30 கி.மீ.* அரை நாள் கூட ஆகாது.

ஏற்றத்தில் கியர் கணக்கு

ஓட்டுநர் 70 கிலோ, சைக்கிள் 14, சுமை 10, ஆக 94 கிலோ. 5 சதவீதச் சரிவில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, புவியீர்ப்புக்கு எதிராக மட்டும் சுமார் 100 வாட், டயர் உராய்வுக்கு 12 வாட். பழக்கமுள்ள யாரும் சில மணி நேரம் தாங்கக்கூடிய உழைப்புதான். கியர் தவறாக இருந்தால் இதே உழைப்பு முழங்காலைக் கெடுக்கும்.

பெடல் பக்கப் பல்சக்கரத்தில் (முன்பல்) 34 பல், பின்சக்கரப் பல்சக்கரத்தில் (பின்பல்) 34 பல் என்று ஒன்றுக்கு ஒன்றாக இருந்தால் 8 கிலோமீட்டர் வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 63 முறை சுற்றும். பின்பல் 25 மட்டுமே இருக்கும் ரோடு பைக்கில் அதே வேகத்துக்கு 47 சுற்றுதான். ஒவ்வொரு மிதியிலும் விசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். மூன்று மணி நேரம் அப்படி மிதித்தால் மறுநாள் முழங்கால் மடங்க மறுக்கும். சுமையோடு போகிறவர்களுக்குப் பின்பல் 34க்குக் குறையாமல் வேண்டும், முன்பல் 30 என்றால் இன்னும் நல்லது.

கொண்டை ஊசி வளைவில் உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் சரிவு குறைவு. நம் நாட்டில் இடப்பக்கம் போவதால் இடது வளைவுகளில் நாம் உள்பக்கம் மாட்டுவோம். பின்னால் வரும் பேருந்தின் முன்சக்கரம் அகலமாகத் திரும்பினாலும் பின்சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். சைக்கிள் நசுங்கும் இடம் அது. பின்னால் ஹாரன் கேட்டால், இடது வளைவுக்கு முன்பே நின்று பேருந்தை விட்டுவிட்டுப் பிறகு திரும்புங்கள்.

இறக்கத்தில் பிரேக்

அதே 94 கிலோ ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 9.2 லட்சம் ஜூல். இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் இது. ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்ளும். மெதுவாகப் போனால் காற்றுத் தடை குறைந்து, மிச்சமெல்லாம் பிரேக்கில்தான் இறங்கும்.

ரிம் பிரேக் உள்ள சைக்கிளில் தொடர்ந்து லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கும். டிஸ்க் பிரேக்கில் பேட் மெருகேறிப் பிடிமானம் போகும், ஹைட்ராலிக் என்றால் லீவர் தொளதொளவென்று கைப்பிடி வரை வந்துவிடும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: நேர்ப்பாதையில், வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். கை தொட முடியாத அளவு ரிம் சுட்டால் பத்து நிமிடம் நில்லுங்கள். டிஸ்க்கைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கவும் கூடாது, டிஸ்க் நெளிந்துவிடும். காட்டுப் பகுதியில் நின்று ஆற வைக்க முடியாது என்பதால், மளுக்கப்பாறையிலும் மறையூரிலும் சாவடிக்குள் நுழையும் முன்பே பேட் தேய்மானத்தைப் பார்த்துவிட வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் அங்கேயே மாற்றுங்கள்.

யானை சாலையில் நின்றால்

யானை குறுந்தூரத்தில் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை வரக்கூடியது. ஏற்றத்தில் சைக்கிளால் தப்பிக்க வழியே இல்லை. 2022 நவம்பரில் ‘கபாலி’ என்று பெயர் பெற்ற கொம்பன் சாலக்குடி–வால்பாறைத் தடத்தில் ஒரு தனியார் பேருந்தை மறித்தபோது, ஓட்டுநர் சுமார் 8 கிலோமீட்டர் பின்னோக்கியே ஓட்ட வேண்டியிருந்தது. சைக்கிளுக்கு ரிவர்ஸ் கியரும் இல்லை, சுற்றித் தகடும் இல்லை.

சாலையில் ஈரமாக மினுங்கும் சாணம், அப்போதுதான் முறிந்து பால் வடியும் கிளை, மூங்கில் உடையும் சத்தம், இவற்றில் எது தென்பட்டாலும் மிதிப்பதை நிறுத்துங்கள். யானையே தெரிந்தால் நூறு மீட்டருக்குக் குறையாத தூரத்தில் நின்று, சைக்கிளை வந்த திசைக்குத் திருப்பி வைத்துவிட்டுப் பாருங்கள். மணி அடிக்காதீர்கள், கத்தாதீர்கள், படம் எடுக்க முன்னால் போகாதீர்கள். பெரிய வண்டி வரும்வரை காத்திருந்து, அதன் ஓட்டுநரிடம் சொல்லி, அதை ஒட்டியே கடப்பது பாதுகாப்பானது. குட்டியோடு உள்ள கூட்டம் கடந்த பிறகும் உடனே கிளம்ப வேண்டாம், பின்தங்கிய ஒன்று இன்னும் புதருக்குள் இருக்கலாம்.

எந்த மாதம்

தென்மேற்குப் பருவமழையில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, வால்பாறையும் வாழச்சாலும் நனைந்தே கிடக்கும். தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு வால்பாறைக்குப் பக்கம்தான். அட்டையும் பனிமூட்டமும் மண்சரிவும் சேர்ந்துகொள்ளும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. கோடையில் காட்டுத் தீ அபாயம் வந்தால் பாதைகளை மூடுவார்கள். ஆக, டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை ஏற்ற காலம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் விடுமுறை நாட்களையும், எல்லா வார இறுதிகளையும் தவிர்த்து, மலைப்பகுதிகள் வாரநாளில் விழும்படி அமையுங்கள். மூணாறில் ஜனவரி அதிகாலைகளில் வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும். ராஜமலை தாண்டி இறங்கும்போது கையுறை இல்லாவிட்டால் விரல் மரத்து, பிரேக் லீவரை அழுத்த வராது.

கடைசி நாளுக்கும் இந்தப் பருவமே சாதகம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் குளிர்காலத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசும். உடுமலையிலிருந்து பொள்ளாச்சிக்கு அது முதுகில் தள்ளும். ஜூலையில் அதே 30 கிலோமீட்டர், காற்றாலைகளைச் சுழற்றும் எதிர்க்காற்றில்.

கையில் இருக்க வேண்டியவை

பொள்ளாச்சியிலும் கோதமங்கலத்திலும் கியர் சைக்கிள் தெரிந்த கடைகள் கிடைக்கும். வால்பாறை, மறையூர் போன்ற இடங்களில் சாதாரணச் சைக்கிள் கடைதான் இருக்கும், பஞ்சர் ஒட்டுவார்கள், உங்கள் அளவு டியூப் இருக்காது. எனவே டியூப் இரண்டு, பேட்ச், பம்பு, பிரெஸ்டா வால்வு என்றால் அதற்கான அடாப்டர், பிரேக் பேட் ஒரு ஜோடி, செயின் இணைப்புக் கண்ணி, கியர் கேபிள் ஒன்று, பின்சக்கர ஸ்போக் இரண்டு. டயர் 32 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். சுமை முழுவதும் பின்சக்கரத்தில் இருந்தால் மளுக்கப்பாறைக்குக் கீழே வரும் குழிகளில் ஸ்போக் முறியும், கனமான பொருட்களைச் சட்டத்தின் நடுவே உள்ள பைக்கு மாற்றுங்கள்.

பொள்ளாச்சியும் உடுமலையும் திண்டுக்கல்–பாலக்காடு ரயில் பாதையில் இருக்கின்றன. மூணாறிலிருந்து இறங்கி உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால் உடுமலையிலேயே பயணத்தை முடித்துக்கொள்ளலாம். ரயில் ஏறுமுன் சைக்கிளைப் பார்சலில் போட முடியுமா என்று நிலையத்தில் முதல் நாளே கேட்டுவிடுங்கள், எல்லா ரயிலிலும் பார்சல் பெட்டி இருக்காது.